விழுந்த ஹெலியைத் திருத்துவதா, புதிது வாங்குவதா?

அக்காவின் மகன் ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து, சப்பாத்துப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தான். பெட்டிக்குள் அடங்காமல் வளைந்த டெயில் பூம், அதாவது வாலைத் தாங்குகிற குழாய், வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவனுடைய 450 வகுப்பு ரிமோட் ஹெலிகொப்டர், பிளேட் (சுழல்கிற இறக்கை) ஒவ்வொன்றும் ஓரடிக்குச் சற்று மேல் நீளமான அளவு. பிளேட் இரண்டும் நுனியில் பிளந்திருந்தன. பிளேட்டுகளைச் சுழற்றுகிற பெரிய பற்சில்லான மெயின் கியரில் ஐந்தாறு பற்களைக் காணவில்லை. முன்மூடி இரண்டு துண்டு.

"மாமா, இதைத் திருத்தலாமோ, இல்லாட்டி புதுசு ஒண்டு வாங்குவமோ?"

கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு இதில் நான்கு வழிகள் உண்டு. அசல் உதிரிப்பாகங்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துத் தானே திருத்தலாம். அதே அளவில் வேறு நிறுவனங்கள் செய்கிற மலிவான பாகங்களைப் போட்டுத் திருத்தலாம். ஊரில் இருக்கிற கைவேலைக்காரர்களைப் பிடித்துச் செய்விக்கலாம். எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியது எடுக்கலாம். நான்கையும் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்தவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹெலி முழுவதற்கும் ஒரே வழியைப் பிடிக்கத் தேவையில்லை. பாகம் பாகமாக முடிவெடுக்க வேண்டும். வேகமாகச் சுழல்கிற பாகத்துக்கு ஒரு நியாயம், சும்மா தாங்கிக்கொண்டு நிற்கிற பாகத்துக்கு வேறொரு நியாயம்.

முடிவெடுக்கும் முன் கழற்றுங்கள்

விழுந்த ஹெலியை வெளியிலிருந்து பார்த்து யாராலும் செலவு சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிற உடைவு பெரும்பாலும் மலிவானது. பிளேட், மெயின் கியர், முன்மூடி எல்லாம் உடைவதற்கென்றே இருப்பவை என்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாமல் கால் மில்லிமீற்றர் வளைந்த தண்டுதான் அடுத்த விபத்தைக் கொண்டுவரும்.

எனவே முதல் வேலை முழுவதுமாகக் கழற்றுவது. 450 வகுப்பில் பெரும்பாலான திருகாணிகளுக்கு 1.5 மில்லிமீற்றரும் 2 மில்லிமீற்றரும் ஆன அலன் கீ போதும். ஆனால் அது நல்ல கீயாக இருக்க வேண்டும். மலிவான கீயின் முனை மழுங்கித் திருகாணியின் தலையையும் வழித்துவிட்டால், பத்து நிமிட வேலை ஒரு இரவு வேலையாகிவிடும். திருகாணி அசையாவிட்டால் பலத்தைப் பிரயோகிக்க வேண்டாம். முன்பு போட்ட லொக்டைட் (திருகாணி கழராமல் இடுகிற பசை) பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சூடான சோல்டர் அயனின் நுனியைத் திருகாணியின் தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டுத் திருப்பினால் இளகிவிடும்.

கழற்றிய தண்டுகளைக் கண்ணாடித் தகட்டின் மீது உருட்டிப் பாருங்கள். வீட்டில் இருக்கிற முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். விளக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். தண்டு உருளும்போது அடியில் வெளிச்சக் கீற்று ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தால் அது வளைந்துவிட்டது. நடுவில் நிற்கிற மெயின் ஷாஃப்ட், பிளேட்டுகளைப் பிடிக்கிற இரண்டு கிரிப்பையும் ஊடறுத்துப் போகிற ஃபெதரிங் ஷாஃப்ட், வால் பக்கத்துத் தண்டு, மூன்றையும் இப்படிப் பார்க்க வேண்டும். வளைந்ததை நிமிர்த்திப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். நிமிர்த்திய தண்டு கண்ணாடியில் நேராகத் தெரிந்தாலும், ஒருமுறை வளைந்த இடத்தில் உலோகம் களைத்துப் போயிருக்கும்.

பேரிங் ஒவ்வொன்றையும் விரலில் வைத்து மெல்லச் சுற்றுங்கள். மணல் அரைபடுகிற உணர்வு வந்தால் மாற்ற வேண்டியதுதான். சேர்வோவின் (பிளேட்டின் கோணத்தை மாற்றுகிற சிறு மோட்டார்ப் பெட்டி) கையைப் பற்றரி இல்லாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மிக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் வழுக்கினாலோ சிக்கினாலோ உள்ளே பல் போய்விட்டது. முழுச் சேர்வோவையும் வாங்க வேண்டியதில்லை. பல மாதிரிகளுக்குப் பற்சில்லுத் தொகுதி தனியாகவே விற்கிறார்கள்.

கடைசியாக மோட்டாரும் வேகக்கட்டுப்படுத்தியும். விழும்போது, மோட்டாரை உடனே நிறுத்துகிற த்ரொட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டாமல் விட்டிருந்தால், பிளேட் மண்ணில் சிக்கி நின்ற பிறகும் மோட்டார் சுற்ற முயன்றிருக்கும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் கருகுவது பெரும்பாலும் வேகக்கட்டுப்படுத்திதான். மூக்கில் வைத்து மணந்து பாருங்கள், எரிந்த வாடை நாள்கணக்கில் போகாது. மருமகனிடம் நான் முதலில் கேட்டதும் இதைத்தான். "ஹோல்ட் அடிச்சனியோ?" அடித்திருந்தான். அவனுக்கு வரவிருந்த செலவில் பாதி அந்த ஒரு விரலசைவில் மிஞ்சியது.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: வளைந்தது, உடைந்தது, சந்தேகமானது, நல்லது. இந்தத் தாள் கையில் இல்லாமல் எடுக்கிற எந்த முடிவும் ஊகம்தான்.

அசலா, அதே அளவுப் போலியா

450 வகுப்புக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தாய்வானின் அலைன் நிறுவனத்து டி-ரெக்ஸ் 450 உலகெங்கும் பரவியதால், அதன் அளவுகளையே பின்பற்றிப் பல நிறுவனங்கள் ஹெலிகளும் பாகங்களும் செய்தன. ஹொங்கொங்கின் ஹொபிகிங் விற்ற எச்கே-450, சீனாவின் டாரட் 450 எல்லாம் அந்த வழி வந்தவை. எனவே இந்த வகுப்பில் பெரும்பாலான பாகங்களுக்கு இரண்டு மூன்று விலைகளில் மாற்று கிடைக்கும். அசலின் விலையில் மூன்றில் ஒன்றுக்கும் மலிவுப் பாகம் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாங்கும் முன் உங்கள் ஹெலி எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். ஒரே 450 என்ற பெயரில் வந்த பதிப்புகளுக்குள்ளேயே கியரும் தலையும் (பிளேட் பூட்டுகிற மேல்பகுதி) மாறுபடுகின்றன.

மலிவானது எங்கே போதும், எங்கே போதாது? இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த வகுப்பில் ஒரு மெயின் பிளேட்டின் நீளம் 325 மில்லிமீற்றர், எடை ஏறக்குறைய 28 கிராம். தலை நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டின் எடைமையம் தண்டிலிருந்து 19 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு பிளேட்டும் கிரிப்பை வெளிப்பக்கமாக இழுக்கிற விசை 40 கிலோ எடைக்குச் சற்று மேல் வருகிறது. ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. அதைவிடக் கொஞ்சம் குறைந்த ஒரு சுமையை இரு பக்கமும் தொங்கவிட்டது போல, ஒரு பென்சிலைவிட மெல்லிய தண்டும் அதன் முனைகளில் இருக்கிற இரண்டு சிறு திருகாணிகளும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிளேட்டின் நுனி ஓடுகிற வேகம் மணிக்கு 360 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும்.

இந்தக் கணக்கை நான் யாரையும் பயமுறுத்தப் போடவில்லை. 2013இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர் தான் பறக்கவிட்ட மாதிரி ஹெலிகொப்டர் தாக்கி ஒரு பூங்காவில் இறந்துபோனார். அது 450ஐவிடப் பெரிய ஹெலி. ஆனாலும் தத்துவம் ஒன்றுதான். ஆகவே தலையில் இருக்கிற ஃபெதரிங் ஷாஃப்ட், அதன் திருகாணிகள், பிளேட்டின் வெளியிழுப்பைத் தாங்குகிற த்ரஸ்ட் பேரிங், பிளேட் கிரிப், பிளேட், மெயின் ஷாஃப்ட், இவற்றில் மட்டும் நான் மலிவு தேடுவதில்லை. அசலுக்கே போகிறேன், அல்லது பெயர் பெற்ற ஒரு பிளேட் நிறுவனத்துக்குப் போகிறேன். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மலிவான ஃபெதரிங் ஷாஃப்ட் இரண்டு வாங்கினேன். பொதியைத் திறந்து கண்ணாடியில் உருட்டியபோது ஒன்று புதிதாகவே வளைந்திருந்தது. மற்றது நேர்தான். ஆனால் திருகாணி இறங்குகிற புரி ஆழமில்லாமல், இறுக்குமுன்பே கடைசி வந்துவிட்டது. இரண்டையும் போடவில்லை. அந்தப் பணத்தைவிட எனக்கு வலித்தது அதற்காகக் காத்திருந்த ஐந்து வாரம்.

இங்கே ஒரு நுணுக்கம், பலர் தவறவிடுவது. த்ரஸ்ட் பேரிங்கில் இரண்டு வளையங்கள் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் துளை கொஞ்சம் பெரியது. துளை பெரிய வளையம் தலையின் மையத்தை நோக்கி உள்ளே, துளை சிறியது வெளியே திருகாணிப் பக்கம். மாற்றிப் போட்டால் பேரிங் தன் வேலையைச் செய்யாது, கிரிப் இறுகும், சேர்வோ திணறும். அசல் பாகம் போட்டும் ஹெலி நடுங்குகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கிற இடம் இது. பந்துகளுக்கு கிரீஸ் இட மறக்க வேண்டாம்.

சரி, மலிவுப் பாகம் எங்கே தாராளமாகப் போதும்? தரையிறங்கு கால்கள், டெயில் பூம், அதன் தாங்கு குச்சிகள், முன்மூடி, பற்றரித் தட்டு, சேர்வோ இணைப்புக் கம்பிகள். மெயின் கியரும் அப்படித்தான். அது வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போல, தான் உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றுவது. ஒன்று வாங்கும் இடத்தில் மூன்று வாங்கி வையுங்கள். போடும்போது பினியனுக்கும் (மோட்டாரில் இருக்கிற சிறு பற்சில்லு) கியருக்கும் இடையே ஒரு கடதாசிக் கீலத்தை விட்டு மோட்டாரை நெருக்கி இறுக்கி, பிறகு சுற்றிக் கடதாசியை வெளியே எடுத்தால் இடைவெளி சரியாக வரும். கீலம் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வர வேண்டும்.

டாரட் போன்றவற்றின் அலுமினியத் தலையே நன்றாக இருக்கிறது, அதை ஏன் ஒதுக்குகிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். வெட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது, நானும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முழுத் தலையையும் ஒரே நிறுவனத்திடமிருந்து தொகுதியாக வாங்கிப் போட்டால் எனக்கு மறுப்பில்லை. ஓரிடத்துக் கிரிப்பையும் இன்னோரிடத்து ஷாஃப்டையும் கலப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் வித்தியாசம் கையில் தெரியாது, 2,700 சுற்றில் தெரியும்.

பாகம் எப்படி வந்து சேரும்

இது கொழும்பில் விலையைவிடப் பெரிய விடயம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை போனபோது, இந்தப் பொழுதுபோக்கையே பலர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அதன் பிறகு விலை ஓரளவு நிதானப்பட்டாலும், 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதற்கு மேல் சுங்கம், அனுப்புகூலி. பத்து டொலர் பாகம் பத்து டொலராக வீடு வந்து சேராது. எனவே ஒவ்வொன்றாகக் கட்டளையிடாமல், கழற்றியபோது எழுதிய தாளை வைத்து எல்லாவற்றையும் ஒரே பொதியில் எடுப்பியுங்கள். எனக்குத் தபாலில் வர மூன்று கிழமை முதல் ஆறு கிழமை வரை எடுத்திருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து விடுமுறைக்கு வருகிற சித்தப்பாவோ மச்சானோ இல்லாத குடும்பம் வெள்ளவத்தையில் குறைவு. அவர்களுடைய விலாசத்துக்குப் பாகத்தை அனுப்பி வைத்து, வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். ஷாஃப்ட், கியர், பேரிங் எல்லாம் கைப்பிடி அளவுதான். லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி என்றால் மட்டும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள்: தனிப் பற்றரியைப் பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது, கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை ரேப் ஒட்டி மூட வேண்டும். பயணிகள் கொண்டுவருவதற்கு 100 வாற்று-மணித்தியாலம் வரை பொதுவான எல்லை. 450இன் 11.1 வோல்ற், 2200 மில்லியம்பியர்-மணிப் பற்றரி 24 வாற்று-மணித்தியாலம்தான். ஆனாலும் அந்த விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுவது மரியாதை. வயதான பெரியம்மாவின் பையில் விபரம் சொல்லாமல் வைத்து அனுப்புவது சரியில்லை.

ஊர்க் கைகள்

மூன்றாவது வழியைப் பலர் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஹெலி திருத்துகிற கடை எங்கே என்று தேடுகிறார்கள். அப்படித் தேடாமல், எந்த வேலையை எந்தக் கை செய்யும் என்று பிரித்துப் பார்த்தால் கொழும்பு மிகவும் கொடுத்து வைத்த நகரம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கைத்தொலைபேசி திருத்துகிறவர்கள் நுணுக்குக்கண்ணாடிக்கு அடியில் மயிரிழை கம்பியைச் சோல்டர் பண்ணுகிறார்கள். ரிசீவரில் கழன்ற இணைப்பு, அறுந்த வால் மோட்டாரின் கம்பி, உடைந்த சுவிட்ச், எல்லாம் அவர்களுக்குத் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. என் கை நடுங்கத் தொடங்கிய பிறகு இந்த வேலைகளை நான் வீட்டில் செய்வதில்லை. ஆனால் பற்றரியைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படம் எடுத்துக் காட்டுங்கள்.

வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தைப் பக்கம் பேரிங் தேடப் போகலாம். பேரிங்குக்குப் பெயர் முக்கியமில்லை, மூன்று எண்கள் முக்கியம்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. எம்ஆர் 105 இசட்இசட் என்று பொறித்திருந்தால் அது 5, 10, 4 மில்லிமீற்றர். அந்தச் சின்ன அளவுகள் எல்லாக் கடையிலும் இருக்காது. ஆனால் பழைய பேரிங்கைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால், இருக்கிற கடைக்கு ஆள் விட்டு எடுப்பித்துத் தருவார்கள். பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் நல்ல அலன் கீ, சிறு திருகாணி, நீல லொக்டைட் தேடலாம். உடைந்த முன்மூடியை மோட்டார் வாகன பம்பர் ஒட்டுகிறவரிடம் கொடுத்தால், உட்பக்கம் ஃபைபர்கிளாஸ் வைத்துப் பழையதைவிட உறுதியாகத் தந்துவிடுவார். கொஞ்சம் பாரம் கூடும், அதற்கேற்பப் பற்றரியைச் சற்றுப் பின்னே தள்ளிச் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும்.

லேத் பட்டறை பாஸிடம் மட்டும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். அவர் செய்து தந்த அலுமினியத் துண்டுகள், தாங்கிகள், ஸ்பேஸர்கள் இன்றும் என் ஹெலிகளில் இருக்கின்றன, அருமையான வேலை. ஆனால் மெயின் ஷாஃப்ட் செய்து தரச் சொல்ல மாட்டேன். அளவு பிசகும் என்பதற்காக அல்ல. அந்தத் தண்டு கடினப்படுத்திய உருக்கு. சாதாரணக் கம்பியைச் சரியான அளவுக்குக் கடைந்தாலும் முதல் தள்ளாட்டத்தில் வளைந்துவிடும். அதில் போல்ட் போகிற குறுக்குத் துளை நடுவிலிருந்து துளியளவு விலகினாலும் தலை முழுக்க நடுங்கும்.

புதியது எடுப்பது யாருக்குச் சரி

மருமகனிடம் இரண்டாவதாகக் கேட்ட கேள்வி: "வாலை உன் பக்கம் வச்சு, ஒரு பற்றரி முடியுமட்டும் ஒரே இடத்தில நிப்பாட்டி வைக்க ஏலுமோ?" கொஞ்சம் யோசித்து, "அரை நிமிசம் ஏலும் மாமா" என்றான்.

அந்தப் பதில் நான்காவது வழியின் கணக்கை மாற்றிவிடுகிறது. ஓரிடத்தில் நிறுத்திப் பழகாத ஒருவர் 450ஐத் திருத்திக் கொடுத்த மறுநாளே அது மீண்டும் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும். அது அவருடைய குற்றமில்லை. கற்கும்போது விழாமல் முடியாது. கேள்வி, எதை விழுத்திக் கற்பது என்பதுதான்.

சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற சைமா எஸ்107 போன்ற, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சோடி பிளேட் சுழல்கிற ஹெலிகள் வீட்டுக்குள் மட்டும். அவை அகச்சிவப்பு ரிமோட்டில் ஓடுபவை, வெயிலில் சொல்வழி கேளாது. ரிமோட்டின் திசையைக் கையில் பழக்கும், அதற்கு மேல் ஒன்றும் கற்பிக்காது.

எக்ஸ்கே கே110 போன்ற சிறியவை வேறு ரகம். பிளேட்டின் கோணத்தை மாற்றிப் பறப்பவை, அதாவது 450 பறக்கிற அதே முறை. எடை ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை. அந்த எடைக்குப் புல்லில் விழுந்தால் பெரும்பாலும் எழுந்து மீண்டும் பறக்கும். 700 கிராம் எடையுள்ள 450 அதே உயரத்திலிருந்து விழுந்தால் தண்டு வளையும். கற்பதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. பராமரிப்பில் ஒரு குறை, அதன் வாலில் இருப்பது தூரிகை வைத்த சிறு மோட்டார். அது தேய்கிற பொருள். வால் ஒரு பக்கம் மெல்ல நழுவத் தொடங்கினால் ஜைரோவை (ஹெலி திரும்புவதை உணர்ந்து திருத்துகிற கருவி) சந்தேகிக்கும் முன் அந்த மோட்டாரை மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று கையிருப்பில் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஓஎம்பி எம்2 போன்றவை. மெயின் கியரும் இல்லை, வால் பெல்ட்டும் இல்லை. இரண்டு மோட்டாரும் நேரடியாகவே சுழற்றுகின்றன. பாகம் குறைவு என்பதால் கழற்றிப் பூட்டுவது மிக எளிது. ஆனால் அந்தப் பாகம் பெரும்பாலும் அந்த ஒரு நிறுவனத்திடம்தான். 450இல் ஒரு கியர் கிடைக்காவிட்டால் இன்னொருவருடையதைத் தேடலாம். இதில் தேட இடம் குறைவு. நிரந்தரமாக ஒரு கடை இங்கே அதன் பாகங்களை வைத்திருக்கும் என்று உறுதி கிடைக்காதவரை, கொழும்பில் இருக்கிற புதியவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். நன்றாகப் பறக்கத் தெரிந்தவர் எடுப்பது வேறு.

புதிது எடுப்பதில் இன்னொரு பாரம் இருக்கிறது. பறக்கும் இயந்திரமும் ரிமோட்டும் முழுதாக இறக்குமதியாகும்போது வானொலிக் கருவி என்ற வகையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பற்றிய கேள்வி எழும். ஒரு தண்டுக்கோ கியருக்கோ அந்தப் பேச்சே வராது. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு ஆளில்லாப் பறப்புகள் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருந்ததை மறக்கக்கூடாது. எங்கே, எதை, எவ்வளவு உயரத்தில் என்பதை அவ்வப்போது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் இருந்து இரத்மலானை விமான நிலையம் சில கிலோமீற்றர்தான். காலிமுகத்திடல் பட்டத்துக்கு நல்லது. சனம் நிற்கிற இடத்தில் 360 கிலோமீற்றர் வேகத்தில் சுழல்கிற பிளேட்டை எடுத்துக்கொண்டு போகவே கூடாது.

கடற்காற்று

மரைன் டிரைவ் பக்கம் ஜன்னல் திறந்திருக்கிற வீட்டில் ஹெலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விழாமலே ஹெலி கெடுகிற ஊர் இது. உப்புக்காற்றில் பேரிங்கும் இணைப்புப் பந்துகளும் திருகாணித் தலைகளும் துருப்பிடிக்கின்றன. மூன்று மாதம் சுவரில் மாட்டி வைத்த ஹெலியை எடுத்து அப்படியே பறக்கவிட்டு வாலை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுத்து, சப்பாத்தோடும் பையோடும் வருகிற சிலிக்கா ஜெல் பொதிகளைச் சேர்த்து உள்ளே போட்டு வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை இது கட்டாயம்.

எண்ணெய் விடயத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, வால் தண்டில் வழுக்கி ஓடுகிற பாகத்துக்கும் பேரிங்குகளுக்கும் போதும். துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பேரிங்குக்கு அடிக்க வேண்டாம், உள்ளிருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். பிளாஸ்டிக் மெயின் கியருக்கு எதுவுமே வேண்டாம். எண்ணெய் பட்டால் மண் ஒட்டி அரைக்கும். நீல லொக்டைட் உலோகத்தில் உலோகம் ஏறுகிற இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடித்துப் பிளக்கும்.

பற்றரியை முழுச் சார்ஜில் வைத்துவிட்டு இரண்டு கிழமை மழையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு செல் 3.8 வோல்ற் அளவில் இருக்க வைப்பதுதான் அதற்கு ஆயுள். உப்பிய பற்றரிக்குத் திருத்தமும் இல்லை, ஒப்பீடும் இல்லை, விலக்கிவிட வேண்டும். சார்ஜ் பண்ணும்போது நான் பல்கனியின் தரை ஓட்டில் மண்சட்டி வைத்து அதற்குள் வைப்பேன். பக்கத்தை விட்டு நகர்வதில்லை. மாடி வீடுகளில் இருப்பவர்கள் கீழும் மேலும் இருக்கிற குடும்பங்களையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மருமகனின் தாள்

அவனுடைய 450இல் வளைந்திருந்தவை ஃபெதரிங் ஷாஃப்டும் டெயில் பூமும். மெயின் ஷாஃப்ட் கண்ணாடியில் நேராக உருண்டது. ஒரு சேர்வோவில் பல் போயிருந்தது. தலையில் நான்கு பேரிங் அரைத்தன. மோட்டாரும் வேகக்கட்டுப்படுத்தியும் நலம். பழைய ஹெலி என்பதால் தலையில் எடைகள் பூட்டிய ஃப்ளைபார் என்ற சமநிலைக் குச்சி இருந்தது. அதையும் கழற்றிவிட்டு மூன்றச்சு ஜைரோ போடலாமா என்று கேட்டான். போடலாம், அதனால் தலையில் வளையக்கூடிய பாகங்களும் குறையும். ஆனால் அதற்கு முழுத் தலையும் ஜைரோவும் வாங்க வேண்டும், அமைப்பதற்கும் பழக வேண்டும். இந்தமுறை வேண்டாம் என்றேன்.

முடிவு இப்படி: ஃபெதரிங் ஷாஃப்ட் இரண்டு, த்ரஸ்ட் பேரிங், பிளேட் ஒரு சோடி அசல். டெயில் பூமும் மெயின் கியர் மூன்றும் சேர்வோப் பற்களும் மலிவில். முன்மூடி பம்பர் ஒட்டுகிறவரிடம். இவை வந்து சேரும்வரை அவன் தன் சேமிப்பில் ஒரு கே110 எடுத்துப் பழகுகிறான். இரண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் புதிய 450 ஒன்றின் விலைக்குக் கீழேதான் நின்றது.

பொதி ஐந்தாவது கிழமை வந்தது. அவன் முதலில் செய்தது, புது ஷாஃப்ட் இரண்டையும் உறையிலிருந்து எடுத்து அம்மாவின் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தது. பிறகு பிளேட் இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்து, பாரம் குறைந்ததில் ஒரு துண்டு ரேப் ஒட்டினான். பிளேட் இல்லாமல் தலையை மட்டும் சுழற்றிப் பார்த்தோம். வால் நடுங்கவில்லை. பெல்ட் மட்டும் கொஞ்சம் தளர்வு.

"மாமா, நான் இறுக்கட்டோ?"

அலன் கீயை அவனிடம் கொடுத்தேன்.